தீவகத்து வளவில் பாலை மரம் வருமா?

யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் இருக்கும் அம்மம்மாவின் ஆறு பரப்பு வளவைத் துப்புரவாக்கி, அதில் ஊர் மரமாக ஒன்று வைக்க வேண்டும், பாலை வைத்தால் என்ன என்று கனடாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கிணறு கொஞ்சம் உவர், இரண்டடி தோண்டினால் கல்லு என்றும் எழுதியிருந்தீர்கள். ஊரில் விசாரித்தபோது மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்களாம். ஒருவர், "அது வன்னிக் காட்டு மரம், இஞ்ச வராது." இன்னொருவர், "வந்தாலும் பேரப்பிள்ளைதான் பழம் தின்னும்." மூன்றாமவர், "மஹோகனி வையுங்கோ, இருபது வருஷத்தில காசு."

முதலாமவர் சொன்னது பிழை. இரண்டாமவர் சொன்னதில் பாதி சரி. மூன்றாமவர் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

நான் கோண்டாவில் செம்மண்ணில் இரண்டு பாலையும், தீவகத்தில் உறவுக்காரர் ஒருவரின் காணியில் நான்கும் வைத்துப் பார்த்தவன். தீவகத்து நான்கில் இரண்டு செத்துப்போயின. செத்த இரண்டும்தான் எனக்குக் கூடப் படிப்பித்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பாலை என்று முடிவு செய்துகொள்வோம். வெட்டினால் பால் வரும் பல மரங்களுக்குத் தமிழில் பாலை என்றுதான் பெயர். வெட்பாலை வேறு. அது சிறிய மரம், வெள்ளைப் பூ, காய்கள் சோடி சோடியாக நீட்டுக்குத் தொங்கும். ஏழிலைப்பாலை வேறு. அதன் இலைகள் ஒரே கணுவைச் சுற்றி ஏழெட்டாக விரிந்திருக்கும். உங்கள் மாமி "வீட்டு வளவில பாலை வைக்கக் கூடாது, பேய் குடியிருக்கும்" என்று தடுத்ததாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பேய்க்கதை முழுக்க ஏழிலைப்பாலைக்குரியது. மாமியிடம் இதைச் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்.

நாம் பேசுவது பழம் தின்னும் பாலை. வன்னியில் வெறுமனே பாலை என்றாலே இதுதான். தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்பார்கள், சிங்களத்தில் பலு. தாவரவியல் பெயர் மனில்கரா ஹெக்சாண்ட்ரா, பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் இருப்பதால் வந்த பெயர். சப்போட்டாவும் இதே குடும்பம், இதே பேரினம். அடையாளம் பிடிப்பது சுலபம். இலை தடிப்பாக, தோல்போல இருக்கும், கொப்பின் நுனியில் கூட்டமாக நிற்கும். இலையின் முனை கூராக முடியாமல், யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல உள்ளே குழிந்திருக்கும். அந்தக் கிள்ளலைப் பார்க்காமல் கன்று வாங்க வேண்டாம். நான் ஒருமுறை ஒரு நாற்றுமேடையில் "பாலை" என்று எழுதி வைத்திருந்த கன்றைக் காசு கொடுத்து வாங்கி, இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அது மகிழமரம். நல்ல மரம்தான், பூவும் வாசம். ஆனால் நான் கேட்டது அதுவல்லவே.

சரி, யாழ்ப்பாணத்தில் வருமா? வரும். இலங்கையின் உலர்வலயக் காட்டில் பாலை, வீரை, முதிரை மூன்றும் சேர்ந்தே நிற்கும். வன்னியில் இருந்து வில்பத்து வரை அப்படித்தான். வில்பத்துவில் கரடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாலைப்பழக் காலம் பார்த்துப் போவதும் அதனால்தான், கரடி மரத்திலேயே ஏறி உட்கார்ந்து தின்னும். மழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் முகம் காட்டாமல் இருப்பது அந்த மரத்துக்குப் பழக்கமான காலநிலை. நமக்கும் அதே மழைதான். யாலப் பக்கம் கடற்கரை மணல்மேட்டில் இதே பாலை உப்புக்காற்றில் அடிபட்டு, கத்தரித்து விட்ட வேலிபோலக் குட்டையாக நிற்கிறது. அங்கே நிற்கிற மரம் வேலணையில் ஏன் நிற்காது? கல்லும் அதற்குப் பகை இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் ஒரே பாளமாக இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கும். வேர் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் வழியே ஈரத்தைத் தேடிப் போய்விடும்.

அப்படியென்றால் நம் வளவுகளில் ஏன் பாலையைக் காணோம்? மண் ஒத்துவராததால் இல்லை. காத்திருக்க ஆள் இல்லாததால்தான். பாலை மேலே வளர்வதற்கு முன்னால் கீழே வளர்கிற மரம். முதல் இரண்டு மூன்று வருஷம் கன்று ஒரு சாண் நின்ற இடத்தில் ஒன்றரைச் சாண் நிற்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு, "இது பிடிக்கேல்ல" என்று பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஏதாவது வைப்பார்கள். பிடுங்கும்போது பாருங்கள், மேலே இருப்பதைவிட நீளமான ஆணிவேர் வரும். என் செத்துப்போன இரண்டில் ஒன்று அப்படித்தான் போனது. காணி பார்த்த பையன் "வளராத கண்டு" என்று இடத்தை மாற்றி நட்டுவிட்டான். ஆணிவேர் அறுந்த பாலை திரும்ப எழும்பவில்லை.

இந்த மந்தத்தை ஒட்டுக்கட்டுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் சப்போட்டாவைப் பாலைக் கன்றின்மேல்தான் ஒட்டுகிறார்கள். வேர் உறுதி, வறட்சி தாங்கும் என்பதற்காக. ஆனால் அந்த அடிக்கன்று பென்சில் தடிப்புக்கு வர ஒன்றரை இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களின் ஓயாத முறைப்பாடு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒட்டுச் சப்போட்டாவின் மேல்பாகம் காய்ந்துபோக, அடியிலிருந்து தளிர் வந்தது. இலை சின்னதாக இருந்ததால் "சத்துக் காணாது" என்று வருஷக்கணக்காக உரம் போட்டார்கள். கடைசியில் ஒரு ஆனி மாதம் அது சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழம் பழுத்தது. அவர்கள் வளர்த்தது சப்போட்டாவின் அடிமரமான பாலையை. உங்கள் ஊரில் கைவிடப்பட்ட ஒட்டுச் சப்போட்டா ஏதும் இருந்தால் அடித்தளிரின் இலைமுனையைப் பாருங்கள்.

இனி விதை. கன்று தேடி அலைவதைவிட விதையில் தொடங்குங்கள் என்பதுதான் என் உறுதியான அபிப்பிராயம். ஒதுக்குக் காட்டுக்குள் போய்க் கன்று பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதோடு, நான் சொன்ன ஆணிவேர் காரணத்தால் பயனும் இல்லை.

வைகாசி கடைசியிலிருந்து ஆடி வரை வன்னியில் பாலைப்பழம் விற்பார்கள். எல்லா வருஷமும் ஒரே மாதிரிக் காய்க்காது. சில வருஷம் காடு முழுக்க மஞ்சளாக இருக்கும், சில வருஷம் தேடினாலும் இல்லை. விற்கிறவரிடம் ஒன்று கேளுங்கள், கொப்பு வெட்டிப் பறித்ததா, உலுப்பிப் பொறுக்கியதா என்று. பழத்துக்காகக் கொப்பையே தறித்து விழுத்துகிற பழக்கம் வன்னியில் பெரிய தலையிடி. உலுப்பிய பழம்தான் விதைக்கும் நல்லது, ஏனென்றால் அது மரத்திலேயே முற்றியது.

ஒரு சுண்டு, அதாவது ஒரு சின்னக் குவளை, பழம் போதும். தின்னத் தெரியாதவர்கள் முதல் கடியிலேயே வாய் ஒட்டிப்போய் முழிப்பார்கள். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் பூசிக்கொண்டு தின்னுங்கள். அல்லது பறித்த பழத்தை ஒரு நாள் வைத்திருந்து தின்னுங்கள், பால் குறைந்திருக்கும். பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, கொட்டையை ஒரு சட்டிக்குள் துப்பச் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பெரும்பாலும் ஒரு பழத்துக்கு ஒரு கொட்டை. வறுத்த கோப்பிக்கொட்டை நிறம், எண்ணெய் தடவியதுபோல மினுக்கம், ஒரு முனையில் வெளிறிய தழும்பு. அந்தத் தழும்புப் பக்கம்தான் முளை வரும்.

கொட்டையைக் காயவைத்து டப்பாவில் போட்டு, "மாரிக்கு விதைப்பம்" என்று வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிடிப்புள்ள விதை, வைக்க வைக்க முளைப்பு குறைந்துகொண்டே போகும். சதை போகக் கழுவி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மிதப்பதை எறிந்துவிட்டு, தாழ்ந்ததை அந்தக் கிழமையே விதைத்துவிடுங்கள். ஓடு கடினம். தழும்புக்கு எதிர்ப்பக்கத்தைச் சீமெந்துத் தரையில் இரண்டு மூன்று தரம் உரசிவிட்டால் தண்ணீர் உள்ளே போகச் சுகம். சுத்தியலால் தட்டப் போகாதீர்கள், நான் தட்டி உள்பருப்பை நசுக்கியிருக்கிறேன்.

பை நீளமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் சின்னப் பொலித்தீன் பையில் ஆணிவேர் இரண்டு மாதத்தில் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்கிவிடும். குறைந்தது ஒரு அடி ஆழமான பை தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பிவிசி பைப்பை அடி அடியாக வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு, கம்பியால் கட்டி நிறுத்தி மண் நிரப்புங்கள். நடும் நாளில் கம்பியை அவிழ்த்தால் மண் உடையாமல் வரும். மண்ணுக்கு, மணலும் களியும் கலந்த இருவாட்டி மண் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு. கொட்டையை அதன் நீளத்தின் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். பனையோலை நிழல் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று கிழமையில் ஒன்றிரண்டு தலைகாட்டும். மிச்சம் தங்கள் பாட்டுக்கு வரும். இரண்டு மாதம் கழித்து முளைத்ததும் உண்டு. எல்லாம் முளைக்கும் என்று எண்ண வேண்டாம். எனக்கு முதல்முறை நாற்பது கொட்டையில் பதினொன்றுதான் வந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒன்றிரண்டு மரம்தானே. ஒரே பூவிலேயே ஆணும் பெண்ணும் இருப்பதால் ஆண்மரம், பெண்மரம் என்ற கவலையும் இல்லை.

இந்தக் கன்றை அதே வருஷ மாரிக்கு நட நினைக்காதீர்கள், மூன்று மாதக் குழந்தை அது. அடுத்த வருஷம் ஐப்பசி முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். இடையில் வரும் கோடையைப் பைக்குள், நிழலில் கழிக்கட்டும்.

இடம். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது இருபத்தைந்து அடி தள்ளி வையுங்கள். காட்டில் அறுபது அடிக்கு மேல் போகிற மரம் கல்லுத்தரையில் அவ்வளவு போகாது, ஆனால் குடை அகலமாக விரியும். கார் நிறுத்தும் இடத்துக்கும் மழைநீர்த் தாங்கிக்கும் மேலே கொப்பு வராத மாதிரிப் பாருங்கள். பழக்காலத்தில் வௌவால் வரும், கிளி வரும், அணில் வரும். சீமெந்துத் தரையில் விழுந்த பழம் பசைபோல ஒட்டும்.

குழி வெட்டுவதற்கு மண்வெட்டி போதாது, அலவாங்கு (கடப்பாரை) வேண்டும். முதலில் மூன்று நான்கு இடத்தில் அலவாங்கை இறக்கிப் பாருங்கள். ணங்கென்று ஒரே சத்தம் வந்தால் பாளக்கல், விட்டுவிடுங்கள். சத்தம் மந்தமாகி அலவாங்கு இன்னும் கொஞ்சம் இறங்கினால் அங்கே வெடிப்போ மண்பையோ இருக்கிறது. அதுதான் மரத்துக்குரிய இடம், உங்கள் வரைபடத்தில் அது எங்கே விழுந்தாலும் சரி. நான் செய்த இரண்டாவது பிழை இதுதான். வாசலுக்கு நேரே அழகாக இருக்கும் என்று பாளக்கல்லின்மேல் ஒரு அடி மண்ணில் நட்டேன். மாரியில் குழிக்குள் தண்ணீர் சட்டிபோல நின்றது, வேர் அழுகியது. வறட்சியில் போகும் என்று பயந்திருந்த மரம் தண்ணீரில் போனது.

குழி இரண்டடிக்கு இரண்டடி. எடுத்த மேல்மண்ணுடன் ஒரு கடகம் மக்கிய எருவும் காய்ந்த பூவரசங் குழையும் கலந்து நிரப்பி, மாரி மழையில் அமரவிடுங்கள். கரையில் ஒதுங்கும் சாதாளை என்ற கடற்பூண்டை அள்ளித் தோட்டத்துக்குப் போடுவது தீவகத்தில் பழைய வழக்கம். போடலாம், ஆனால் ஒரு மாரி முழுக்க மழையில் கிடந்து உப்புக் கழுவுப்பட்டதைத்தான் போட வேண்டும். யூரியா, கலப்பு உரம் எதுவும் வேண்டாம். கறையான் தொல்லை இருந்தால் குழிக்குள் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு.

தீவகத்தில் பாலைக் கன்றின் உண்மையான எதிரி சோளகம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்று கன்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வளர்ந்த மரத்துக்கு அது பொருட்டே இல்லை, ஒரு முழக் கன்றுக்குத்தான் உயிர்ப்போர். அதனால் கன்று நிற்கப்போகும் இடத்துக்குத் தென்மேற்கே பத்தடி தள்ளி பூவரசங் கதியால், அதாவது ஊன்றினால் துளிர்க்கும் வேலித் தடி, ஒரு வரிசை ஊன்றுங்கள். உப்புக்கும் கல்லுக்கும் பூவரசு அசையாது, வருஷா வருஷம் குழையும் தரும். வெட்டி வெட்டியே வைத்திருந்தால் வேர்ப் போட்டியும் இருக்காது. கதியால் எழும்பும் வரை பனைமட்டையால் ஒரு மறைப்பு.

தண்ணீர் விஷயம். உங்கள் கிணற்று நீர் நாக்கில் கரிக்கிறதென்றால் கன்றுக்கு அதையே நாளாந்தம் தெளிப்பது கெடுதல். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மேல்மண்ணில் தங்கும். முடிந்தால் கூரைப் பீலியிலிருந்து பிடித்த மழைநீரை வைத்திருந்து கொடுங்கள். எனக்கு நன்றாக வேலை செய்தது முட்டி முறை. அடியில் சின்னத் துளை போட்ட ஒரு மண்முட்டி, துளைக்குள் பழைய சாரத் துணியில் ஒரு திரி, கன்றிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, வாயைச் சிரட்டையால் மூடிவிட வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். கனடாவிலிருந்து நீங்கள் பக்கத்து வீட்டு ஐயாவிடம் "தினமும் தண்ணி விடுங்கோ" என்று கேட்பதைவிட "சனியும் புதனும் முட்டியை நிரப்பிவிடுங்கோ" என்று கேட்பது நடக்கக்கூடிய காரியம். முதல் கோடை முழுக்க இப்படி. இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாம் கோடையில் ஆடி ஆவணியில் இலை தொய்ந்தால் மட்டும். அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள். அடியில் பொச்சு மட்டையை, அதாவது தேங்காய் மட்டையை, கவிழ்த்துப் பரப்பிவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம், தண்டோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள்.

பக்கக் கொப்புகளை முதல் நான்கைந்து வருஷம் வெட்ட வேண்டாம். உயர வேண்டும் என்று எல்லோரும் கீழ்க்கொப்பைக் கழிப்பார்கள், காற்றுள்ள இடத்தில் அடிமரம் தடிக்க அந்தக் கொப்புகள்தான் உதவி.

எப்போது பழுக்கும் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். விதையிலிருந்து வந்த மரத்தில் பத்து வருஷத்துக்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம். தீவகத்துக் கல்லில் இன்னும் சில வருஷம் கூடலாம். உங்களுக்கு வயது நாற்பத்திரண்டு என்றால், பேரப்பிள்ளை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நீங்களே உதட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு தின்னலாம். மரம் வெட்டி விற்கும் கணக்கு மட்டும் போடாதீர்கள். பாலை வைரம் பாய்ந்தால் காய்ந்த துண்டும் தண்ணீரில் தாழ்கிற அளவுக்குக் கனம், ஒருகாலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவே போட்டார்கள். ஆனால் அந்த வைரம் இரண்டு மூன்று தலைமுறை எடுக்கும்.

மஹோகனி வைக்கச் சொன்னவரையும் முழுக்கத் தள்ளவில்லை. பின்வேலியோரம் அவர் சொன்னபடியே இரண்டு வையுங்கள், உறவு கெடாது.

இப்போது புரட்டாதி, இந்த வருஷப் பழம் முடிந்துவிட்டது. அதனால் விதைக்கு அடுத்த ஆனி வரை பொறுக்கத்தான் வேண்டும். கார்த்திகையில் மரநடுகை மாதம் என்று எல்லோரும் கன்று கொடுப்பார்கள். அதில் பாலை என்று ஏதும் வந்தால் இலைமுனையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், நல்ல கன்றென்றால் ஒரு வருஷம் மிச்சம். எப்படியும் இந்த மாரிக்குள் அலவாங்கு போட்டு இடம் பார்ப்பதும் பூவரசங் கதியால் ஊன்றுவதும் முடிந்துவிட வேண்டும். அதோடு வேலி. ஆடு வேலிக் கிழுவையைத் தின்றுவிட்டு உங்கள் கன்றையும் ஒரு கடி பார்க்கும், வேலணையில் கட்டாக்காலி மாட்டுக்கும் குறைவில்லை. முள்ளுக்கம்பிக்குக் காசு செலவழிக்க முதல், ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள், பனைமட்டை வரிந்துகட்டத் தெரிந்தவர் ஊரில் இன்னும் ஒருவராவது இருப்பார்.